முதல் நாவல்: பணம் எந்தப் பக்கம் போகிறது?

கேள்வி: கோவில்பட்டியில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. தீப்பெட்டிக் கம்பெனிகளைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 58,000 சொற்கள் வந்திருக்கிறது. எழுத்துலகில் எனக்கு யாரையும் தெரியாது. சில பதிப்பகங்களுக்கு மெயில் அனுப்பினேன், பதிலே இல்லை. ஒரு நிறுவனம் மட்டும் மறுநாளே போன் செய்து, "பிரமாதமாக இருக்கிறது, 65,000 ரூபாய் பேக்கேஜ், ஐஎஸ்பிஎன், அட்டை, அமேசான் எல்லாம் அதிலேயே அடக்கம்" என்கிறார்கள். பணம் கட்டலாமா? இல்லையென்றால் வேறு என்ன வழி? கதையை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். உங்கள் நாவல் நன்றாக இல்லை என்பதால் அல்ல. அவர்கள் அதைப் படிக்கவில்லை என்பதால். காலையில் வந்த 58,000 சொல் நாவலைப் படித்து முடித்து, யோசித்து, மறுநாள் விலையும் சொல்கிற பதிப்பாசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பதிப்பகம் என்றால் என்ன என்று முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), அட்டை, தாள், அச்சு, கிடங்கு, புத்தகக் காட்சியில் கடை வாடகை, இத்தனைக்கும் பதிப்பாளர் பணம் போடுகிறார். நீங்கள் எழுத்தைக் கொடுக்கிறீர்கள். விற்றால் உங்களுக்கு ராயல்டி. தமிழில் அது பெரும்பாலும் அட்டை விலையில் 10 சதவீதம். சில இடங்களில் ஏழரை. பணம் அவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும். உங்களிடமிருந்து அவருக்குப் போகிறது என்றால் உண்மையில் பதிப்பாளர் நீங்கள்தான், அவர் உங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒப்பந்தக்காரர். அதில் தவறில்லை. ஆனால் அப்போது புத்தகமும் உரிமையும் விற்பனைப் பணமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். செலவு உங்களுடையது, உரிமை அவருடையது, ராயல்டி மட்டும் 10 சதவீதம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கு வேலை பார்ப்பவர் என்பதால் இதைப் போட்டுப் பாருங்கள். புத்தக விலை 300 ரூபாய் என்றால் 10 சதவீதம் 30 ரூபாய். கட்டிய 65,000 திரும்பி வர 2,167 பிரதிகள் விற்க வேண்டும். ஒரு காலத்தில் முதல் பதிப்பே 1,000, 1,200 என்று அடிப்பார்கள். தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அச்சடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்த பிறகு புதியவரின் நாவலை 200, 300 பிரதி அடித்துப் பார்த்துவிட்டு, தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். நல்ல பதிப்பகம் போட்டு, 300 பிரதியும் விற்றாலும் உங்கள் கைக்கு வருவது 9,000 ரூபாய். இந்தத் தொகை தெரிந்தால் ஏமாற்றம் குறையும், ஏமாறுவதும் குறையும்.

பேக்கேஜில் ஐஎஸ்பிஎன்னையும் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் அடையாள எண்) சேர்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள், அதற்கு இந்தியாவில் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஐஎஸ்பிஎன்னுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு தொகை பில்லில் இருந்தால் மற்ற வரிகளையும் சந்தேகமாகவே படியுங்கள்.

சரி, மற்றவர்கள் ஏன் பதில் போடவில்லை? ஒரு காரணம் மாதம். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிதான் தமிழ்ப் பதிப்புலகத்தின் தீபாவளி. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பதிப்பகங்களில் யாரும் புதுப் பிரதி படிப்பதில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்டவற்றை அச்சகத்துக்குத் தள்ளுவதற்கே நேரம் போதாது. அப்போது வந்த மெயில் அடியில் போய்விடும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரைக்குள் அனுப்புங்கள். அடுத்த ஜனவரிக்கான பட்டியலை அந்த மாதங்களில்தான் யோசிப்பார்கள். அனுப்பி மூன்று மாதம் ஆன பிறகு ஒருமுறை நினைவூட்டலாம். வாரத்துக்கு ஒரு போன் வேண்டாம்.

இன்னொரு காரணம் முகவரி. கல்விப் புத்தகமும் சமையல் புத்தகமும் போடும் இடத்துக்கு நாவலை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. உங்கள் வீட்டு அலமாரியைப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் ரசித்துப் படித்த தமிழ் நாவல்களை எந்தப் பதிப்பகம் போட்டது? அதுதான் உங்கள் முதல் பட்டியல். எல்லாம் சென்னையில்தான் என்றும் இல்லை. காலச்சுவடு நாகர்கோவிலில் இருக்கிறது, எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், வம்சி திருவண்ணாமலையில். ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு. அவர்களுடைய விலைப்பட்டியலை இறக்கிப் படித்தாலே அந்த ருசி பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, மெயில். "வணக்கம், நாவல் இணைப்பில் உள்ளது, பரிசீலிக்கவும்" என்று ஒரு வரி, கூடவே 250 பக்கக் கோப்பு. இப்படித்தான் பாதிப் பேர் அனுப்புகிறார்கள். உங்களுடையது இப்படி இருக்கட்டும்:

"அன்புடையீர், வணக்கம். 1980களின் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கெழுதும் பெண்ணின் இரண்டு ஆண்டுகளைச் சொல்லும் நாவல் இது, 58,000 சொற்கள். அந்தத் தொழிலுக்குள்ளேயே வளர்ந்தவள் நான். உங்கள் வெளியீடுகளில் தொழில் சார்ந்த நாவல்களைத் தொடர்ந்து வாசிப்பதால் உங்களுக்கு முதலில் அனுப்புகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களும் ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் இணைப்பில். விரும்பினால் முழுப் பிரதி அனுப்புகிறேன்."

அவ்வளவுதான். வாழ்க்கைக் குறிப்பு, வாங்கிய சான்றிதழ்கள், "என் அம்மாவுக்குச் சமர்ப்பணம்" எல்லாம் பிறகு. (நீங்கள் அந்தத் தொழிலில் வளர்ந்தவரா என்று எனக்குத் தெரியாது, இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.) கதைச் சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று பதிப்பாளரிடம் சொல்லக் கூடாது.

கோப்பு யூனிகோடில், வேர்டில் இருக்கட்டும். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள். பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்திருந்தால் மாற்றிவிட்டு முழுவதையும் ஒருமுறை கண்ணால் படியுங்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும், ‘ஔ’ இரண்டாக உடைந்து ‘ஒள’ ஆகியிருக்கும். சந்திப் பிழை பத்து இருந்தால் யாரும் தள்ளிவிட மாட்டார்கள், அதற்கு மெய்ப்புப் பார்ப்பவர் இருக்கிறார். ஆனால் முதல் பக்கத்திலேயே பெயர்கள் மாறி மாறி வந்தால் இரண்டாவது பக்கத்துக்குப் போக மாட்டார்கள்.

யாரையும் தெரியாது என்றீர்கள். தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் உங்கள் எழுத்தைச் சிலராவது படித்திருந்தால் பெரிய உதவி. நாவலில் தனியாக நிற்கக்கூடிய ஓர் அத்தியாயத்தைச் சிறுகதையாகச் செதுக்கி சொல்வனம், கனலி, வல்லினம் போன்ற இணைய இதழ்களுக்கு அனுப்புங்கள். வெளியானால் அடுத்த மெயிலில் அந்தச் சுட்டியைக் கொடுக்கலாம். வேறொரு ஆசிரியர் ஏற்கெனவே ஒருமுறை சலித்திருக்கிறார் என்பது பதிப்பாளருக்குத் தைரியம் தரும். முழு நாவலையும் செயலிகளில் தொடராகப் போட்டுவிட வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதை அச்சில் யார் வாங்குவார்கள் என்று சில பதிப்பகங்கள் பின்வாங்கும்.

திருட்டு பயத்தைப் பற்றி. எழுதிய நிமிடத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது; பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. மனசுக்குத் திருப்தி வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதியலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பெயர் தெரியாத ஒருவரின் நாவலைத் திருடிப் போடுவதில் பதிப்பாளருக்கு லாபம் எதுவும் இல்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு: நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது.

"இந்நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தையே சாரும்." ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள். இருந்தால் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாமே போய்விட்டது என்று அர்த்தம். அதை அடித்துவிட்டு, "தமிழில் அச்சு நூலாக வெளியிடும் உரிமை மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். மின்னூலும் கேட்டால் தனி சதவீதம் பேசிக் கொடுக்கலாம். சினிமா உரிமையை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு எழுத்தாளருக்குச் சாதகமானது: உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும், காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள்தான், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாய்ப்பேச்சில் நடக்கிற பதிப்பகங்கள் தமிழில் இன்னும் இருக்கின்றன, அவர்களில் நல்லவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடம் என்றால் பேசியதை ஒரு மெயிலாக எழுதி, "இப்படித்தானே பேசினோம்" என்று கேட்டு, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிரதி அடிக்கிறார்கள், ராயல்டி கணக்கு எந்த மாதம், எழுத்தாளர் பிரதி எத்தனை, நூலக ஆணையில் (பொது நூலகங்களுக்காக அரசு வாங்குவது) போகும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா, இத்தனையும் அதில் வரட்டும். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

எல்லா முயற்சியும் செய்து பார்த்து, ஓராண்டில் எதுவும் அசையவில்லை என்றால்? நீங்களே போடலாம். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை, எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தன் ‘எழுத்து’ பிரசுரத்தின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ஆனால் பேக்கேஜாக வாங்காதீர்கள். மெய்ப்புக்கு ஒருவர், வடிவமைப்புக்கு ஒருவர், அட்டைக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பேசுங்கள். 100 பிரதி மட்டும் அடித்துப் பாருங்கள். கடைக்கோ விநியோகஸ்தருக்கோ கொடுத்தால் 35, 40 சதவீதம் கழிவு கேட்பார்கள் என்பதைக் கணக்கில் வைத்து விலை போடுங்கள். காசு செலவழிக்காமல் தொடங்க அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலும் இருக்கிறது, தமிழ் அங்கே ஏற்கப்படுகிறது. அதில் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் தவணையாக, அதே மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணையத்தில் போட்ட அத்தியாயங்களும் அந்தக் கணக்கில் வரலாம், பார்த்துச் சேருங்கள்.

எந்த வழியில் வந்தாலும், அச்சுக்குப் போன இறுதி வடிவத்தின் கோப்பை, திருத்தங்கள் ஏறிய யூனிகோட் பிரதியாகவே, கேட்டு வாங்கிவிடுங்கள். வடிவமைப்பாளரின் கணினி பழுதாகி, இரண்டாம் பதிப்புக்காக அச்சான புத்தகத்தைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.