கல்லும் காலமும் – கேள்வி பதில்: சாவு பக்கத்துல நின்னப்போவும் ஏன் கல்லைக் கீழ போடல?

போன இதழ்ல இங்கிலாந்துக் கடற்படை கேப்டன் ஸ்காட்டோட குழுவைப் பத்தி எழுதும்போது, தென்துருவம் போயிட்டு திரும்புற வழியில இறந்துபோன அவங்களோட ஸ்லெட்ஜ்ல (பனியில இழுக்குற சக்கரமில்லாத வண்டி) 16 கிலோ கல் இருந்துச்சுன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த லெட்டர்ல முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பத்திதான், அதனால இந்த மாசம் முழுக்க துருவத்துல கல் பொறுக்குற கதைதான்.

கேள்வி (திண்டுக்கல்): பசி, குளிர், கால் அழுகுது, அந்த நிலைமையில 16 கிலோ கல்லை இழுத்துட்டு வந்தது அறியாமை இல்லையா சார்? தூக்கிப் போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களே?

இதே கேள்வியை நானும் காலேஜ்ல எங்க வாத்தியார்கிட்ட கேட்டிருக்கேன், அவர் பதில் சொல்லல, போய் படிச்சிட்டு வா அப்புறம் பேசலாம்னாரு. படிச்சதுல தெரிஞ்சதைச் சொல்றேன்.

1912 ஜனவரி 17ஆம் தேதி ஸ்காட், வில்சன், பவர்ஸ், ஓட்ஸ், எட்கர் எவன்ஸ் அஞ்சு பேரும் துருவத்துக்குப் போய்ச் சேர்றாங்க, ஆனா நார்வேக்காரர் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14ஆம் தேதியே வந்து கொடி நட்டுட்டுப் போயிட்டாரு. மனசொடிஞ்சு திரும்புறாங்க. பியர்ட்மோர்னு ஒரு பெரிய பனியாறு, அதோட மேல் முனையில பக்லி மலை. பிப்ரவரி 8ஆம் தேதி அந்த மலையடியில காத்து ஒதுங்குன ஒரு இடம் கிடைக்குது, பல நாளைக்கப்புறம் காலுக்குக் கீழ பாறை, தலைக்கு மேல மணற்பாறை சுவர், அந்த சுவருக்குள்ள கருப்புக் கோடா நிலக்கரி அடுக்கு. ஸ்காட் அன்னிக்கு மிச்ச நாளை கல் பார்க்கவே ஒதுக்குறாரு. வில்சன் டாக்டர், நல்லா படமும் வரைவாரு, நிலக்கரித் துண்டுகள்ல இலை இலையா பதிஞ்சிருக்குறதை அவர் பார்க்குறாரு. அந்த மலையில நிலக்கரி இருக்குன்னு 1908 டிசம்பர்லயே ஷாக்கிள்டன் குழுவுல இருந்த ஃப்ராங்க் வைல்டு கண்டுபிடிச்சிருந்தாரு, ஆனா நரம்போட சேர்த்து இன்ன இலைன்னு அடையாளம் சொல்ற மாதிரி கிடைச்சது இந்தத் தடவைதான்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், பிப்ரவரி 17 எவன்ஸ் இறந்துட்டாரு, மார்ச் நடுவுல ஓட்ஸ் தன்னால மத்தவங்களும் சாகக்கூடாதுன்னு புயலுக்குள்ள நடந்து போயிட்டாரு. அதுக்கப்புறம் மூணு பேரும் பாரத்தைக் குறைக்குறாங்க, கோணம் அளக்குற தியோடலைட் கருவியை விட்டாங்க, கேமராவை விட்டாங்க, ஓட்ஸோட ஸ்லீப்பிங் பேக்கை விட்டாங்க. டயரியையும் கல்லையும் விடல, கல்லை விடவேண்டாம்னு கேட்டுக்கிட்டது வில்சன். அறியாமைன்னு நீங்க சொல்றதை என்னால ஒத்துக்க முடியாம போறது இந்த இடத்துலதான், ஏன்னா எதை விடணும் எதை வச்சிக்கணும்னு உக்காந்து யோசிச்சு எடுத்த முடிவு அது. நவம்பர் 12ஆம் தேதி தேடிப் போன குழு கூடாரத்தைக் கண்டுபிடிச்சப்போ உடல்களோட அந்தக் கல்லும் இருந்துச்சு.

போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னா, எனக்குத் தோணல. அந்த மார்ச் மாசக் குளிர் அவங்க கணக்குப் போட்டதை விட ரொம்பக் கடுமை, அந்தக் குளிர்ல பனித்துகள் மணல் மாதிரி ஆயிடும், ஸ்லெட்ஜ் வழுக்காது. வழியில புதைச்சு வச்ச டப்பாக்கள்ல மண்ணெண்ணெய் கசிஞ்சு குறைஞ்சிருந்துச்சு, எண்ணெய் இல்லன்னா பனியை உருக்கித் தண்ணி குடிக்கக்கூட முடியாது. அடுத்த பெரிய கிடங்கு சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துல இருக்கும்போது புயல் அடிச்சு கூடாரத்துலயே முடங்கிட்டாங்க. இதுல 16 கிலோங்குறது ரொம்பச் சின்ன பங்கு.

சரி அந்த இலை என்ன சொல்லுச்சு? லண்டனுக்குப் போன கல்லை கேம்பிரிட்ஜ்ல இருந்த சீவர்டுங்குற தாவரப் புதைபடிவ அறிஞர் பார்த்து 1914ல அறிக்கை எழுதுனாரு. அது குளோசாப்டெரிஸ் இண்டிகா. பேர்லயே நம்ம நாடு இருக்கு பாருங்க, நாக்கு மாதிரி நீளமான இலை, 1828லயே பிரான்ஸ்ல பிரோன்யார் பேர் வச்சது. நம்ம ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிச் சுரங்கத்துல எல்லாம் கிடைக்குற அதே இலை, சுமார் 25 கோடி வருஷத்துக்கும் முந்தினது. இதோட விதை கடல் தாண்டி காத்துல பறக்குற அளவுக்குச் சின்னது இல்ல, அப்படின்னா இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்துல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கணும். அந்த ஒட்டுன நிலத்துக்குத்தான் நம்ம மத்திய இந்தியாவுல கோண்டு மக்கள் வாழுற பகுதியோட பேரை வச்சு கோண்டுவானான்னு சொல்றோம். கண்டங்கள் நகருதுன்னு ஜெர்மன் விஞ்ஞானி வெகனர் ஃப்ராங்க்ஃபர்ட்ல முதல்முதலா பேசுனது 1912 ஜனவரி 6, அதே மாசம் இவங்க துருவத்தை நோக்கி ஸ்லெட்ஜ் இழுத்துட்டு இருந்தாங்க. ஒருத்தரோட வேலை இன்னொருத்தருக்குத் தெரியாது. இதை நினைக்குறப்போ எல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

(நெய்வேலில இந்த இலை கிடைக்குமான்னு இன்னொருத்தர் கேட்டிருக்காரு, கிடைக்காதுங்க, நெய்வேலி பழுப்பு நிலக்கரி ரொம்ப ரொம்பப் பிந்தினது.)

கேள்வி (மதுரை): அண்டார்டிகா முழுக்க பனிதானே, பாறையை எங்க போய் பார்ப்பாங்க?

98 சதவீதம் பனிதான், சராசரியா ரெண்டு கிலோமீட்டர் கனம். ஆனா பனியைக் குத்திக்கிட்டு மேல நிக்கிற மலைமுகடு இருக்கு, நுனாடக்குன்னு சொல்வாங்க, கரையோரம் பனி இல்லாத மேடுங்க இருக்கு, நம்ம நாட்டோட மைத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்குற ஷிர்மாக்கர் சோலை அப்படி ஒண்ணு. அப்புறம் பனியாறு அடியில இருந்து அரிச்சிட்டு வந்து ஓரத்துல கொட்டுற கல்குவியல் இருக்கு பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நம்மால பார்க்கவே முடியாத அடிப்பாறையோட சாம்பிளை பனியாறே கொண்டுவந்து கொடுத்துடும். அப்படி பனி விட்டுட்டுப் போன பாறாங்கல்லோட மேல்பக்கத்தை மட்டும் சில சென்டிமீட்டர் கனத்துக்கு உளி வச்சு வெட்டி எடுப்பாங்க. பனி மூடியிருந்த வரைக்கும் விண்வெளியில இருந்து வர்ற கதிர் கல்லுல படாது, பனி விலகுன நாள்ல இருந்து கதிர் பட்டு கல்லுல இருக்குற குவார்ட்ஸ் கனிமத்துக்குள்ள பெரிலியம்-10னு ஒரு வகை அணு சேர ஆரம்பிக்கும், அது எவ்வளவு இருக்குன்னு எண்ணிட்டா பனி எப்போ விலகுச்சுன்னு தெரிஞ்சிடும். சுத்தி இருக்குற மலை எவ்வளவு வானத்தை மறைக்குதுன்னு கோணம் அளந்து எழுதணும், அதை விட்டுட்டா கணக்கு தப்பாயிடும், திரும்பப் போய் அளந்துட்டு வர்றதுக்கு அது என்ன பக்கத்துத் தெருவா.

நம்ம ஊர் சம்பந்தமும் ஒண்ணு சொல்லிடுறேன். பல்லாவரத்துல கிடைக்குற சார்னோக்கைட் பாறை, கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக் கல்லறையில இருக்குற கல்லைப் பார்த்து புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு வச்ச பேரு. கிழக்கு அண்டார்டிகாவுல ஆஸ்திரேலியாவோட மாசன் நிலையம் நிக்கிறதும் சார்னோக்கைட் மேலதான்.

கேள்வி (ஈரோடு): துருவத்துல காம்பஸ் வேலை செய்யுமா?

தென் காந்தத் துருவத்துக்குக் கிட்டக்க போகப் போக முள்ளு படுத்த வாக்குல நிக்காம கீழ குத்திக்கிட்டு நிக்கப் பாக்கும், பக்கவாட்டு இழுப்பு ரொம்பக் குறைஞ்சிடும். நம்ம ஊர்ல பாறை எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்க்க காம்பஸை வச்சா முப்பது செகண்ட் வேலை, அங்க சூரியனை வச்சோ ஜிபிஎஸ்ஸை வச்சு தூரத்து முகட்டைக் குறி பார்த்தோதான் திசை எடுக்கணும். பேனா மை உறைஞ்சிடும், அதனால பென்சில். பேட்டரியை சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கணும், வெளிய வச்சா சார்ஜ் காணாம போயிடும். உளியை வெறுங்கையால தொடவே கூடாது.

கேள்வி (சென்னை): ஒரு சின்ன கல்லை ஞாபகத்துக்கு எடுத்துட்டு வரலாமா?

கூடாது. 1991ல கையெழுத்தாகி 1998ல நடைமுறைக்கு வந்த மாட்ரிட் உடன்படிக்கைப்படி அங்க கனிமம் தோண்டவே தடை, ஆராய்ச்சிக்கு மட்டும்தான் விலக்கு, நம்ம நாட்டுலயும் 2022ல தனிச்சட்டம் போட்டாச்சு, ஆராய்ச்சிக்குக் கல் எடுக்கவும் பர்மிட் வேணும். 2048ல தடை முடிஞ்சிடும்னு வாட்ஸ்அப்ல சுத்துதே அது தப்பு, அதுக்கப்புறம் மறுபரிசீலனைக்குக் கூட்டம் கேட்கலாம், அவ்வளவுதான்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்க எடுத்தோம்னு எழுதாத கல்லை வச்சு என்ன பண்றது? நான் படிக்கும்போது அரியலூர் பக்கம் ஃபீல்டு போய் உள்ளங்கை அகல அம்மோனைட் (சுருள் ஓடு இருந்த பழங்காலக் கடல் உயிரியோட புதைபடிவம்) ஒண்ணு எடுத்தேன், சந்தோஷத்துல நம்பர் போடாம பைக்குள்ள போட்டுட்டேன், ராத்திரி வாத்தியார் அதைக் கையில எடுத்து எந்த ஓடை எந்த அடுக்குன்னு கேட்டாரு, எனக்கு சொல்லத் தெரியல, அதைத் தனியா ஓரமா வச்சிட்டாரு. திட்டவே இல்ல, ஆனா அது இன்னிக்கும் வலிக்குது. வில்சனோட கல்லுக்கு இன்னிக்கும் மதிப்பு இருக்குன்னா அது எந்த மலையில எந்தத் தேதியில எடுத்ததுன்னு டயரி சொல்லுது, கல்லோட டயரியும் சேர்ந்தே வந்துச்சு.

கேள்வி (திருநெல்வேலி, பிளஸ் டூ மாணவி): பொண்ணுங்க இந்த வேலைக்குப் போக முடியுமா? வீட்டுல சிரிக்கிறாங்க.

போகலாம்மா, நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே போயாச்சு. 1983-84ல போன மூணாவது இந்தியக் குழுவுல சுதிப்தா சென்குப்தா, அதிதி பந்த்னு ரெண்டு பேர் இருந்தாங்க, சுதிப்தா சென்குப்தா புவியியலாளர், மலையேற்றமும் கத்துக்கிட்டவங்க, ஷிர்மாக்கர் பாறைகளை ஆராய்ஞ்சவங்க. வீட்டுல இந்தப் பேரை எழுதிக் காட்டு. பிஎஸ்சி, எம்எஸ்சி ஜியாலஜி படி, அப்புறம் யுபிஎஸ்சி நடத்துற ஜியோ சயின்டிஸ்ட் பரீட்சை எழுதி இந்திய புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம், ஆராய்ச்சி மாணவியாவும் போகலாம், பயணத்தை எல்லாம் நடத்துறது கோவாவுல இருக்குற தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம். போறதுக்கு முன்னாடி மெடிக்கல் செக்கப் இருக்கும், உத்தரகாண்டுல இருக்குற அவுலில பனியில நடக்க, பனிப்பிளவுல விழுந்தா கயிறு கட்டி ஏற பயிற்சி கொடுப்பாங்க. அதுக்கெல்லாம் இன்னும் நாள் இருக்கு. இந்த லீவுல தாமிரபரணிக் கரையில பத்து கல் எடு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு, எடுத்த இடத்தையும் தேதியையும் பென்சில்ல எழுதி, ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, என்னென்ன பாறைன்னு அடுத்த இதழ்ல ஒண்ணொண்ணா பார்ப்போம்.