மஞ்சளை விற்பதா, இருப்பு வைப்பதா?

கேள்வி: கொடுமுடி பக்கம் எங்களிடம் 40 குவிண்டால் விரலி மஞ்சள் பாலீஷ் போட்டுத் தயாராக இருக்கிறது. இப்போது குவிண்டால் 12,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். ஆறு மாதம் பொறுத்தால் ஏறும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: ஏறுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதுங்க. தெலங்கானாவின் நிஜாமாபாத், மகாராஷ்டிராவின் சாங்லி, ஹிங்கோலியில் எவ்வளவு மஞ்சள் நட்டார்கள், அங்கே மழை எப்படி என்பதெல்லாம் சேர்ந்துதான் ஈரோட்டு விலை. 2010-ல் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டதில் 2012 தொடக்கத்தில் 5,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. விலையை ஊகிப்பதை விட்டு, காத்திருக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போடுங்கள்.

உங்களுக்கு இரண்டு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்) வாங்கிய கடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12,000-க்கு மாதம் 240. ஆறு மாதத்துக்கு 1,440. குடோன் வாடகை குவிண்டாலுக்கு மாதம் 15 என்றால் 90. வண்டும் எடைக் குறைவும் 2 கிலோவைத் தின்றால், மீதி 98 கிலோவுக்குக் குவிண்டால் 13,800 கிடைத்தால்தான் இன்றைய 12,000-க்குச் சமம். ஏறினால் லாபம் என்று நினைப்பவர்கள் இந்த 1,800-ஐப் பார்ப்பதே இல்லை. கடன் அரை வட்டியாக (நூற்றுக்கு மாதம் ஐம்பது காசு) இருந்தால் அதே கணக்கு 12,700-ல் நிற்கும். அதனால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடனுக்கு (சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கடன்) வட்டியும் தவணையும் என்னவென்று முதலில் விசாரியுங்கள். கொடுக்கிறார்களே என்று முழுத் தொகையையும் வாங்க வேண்டாம். சரக்கு மதிப்பில் பாதி போதும். விலை சரிந்தாலும் கடன் சரியாது.

அடுத்து, விலை பாதியானால் வீடு தாங்குமா? வட்டிக் கடன், அடுத்த நடவுச் செலவு (ஏக்கருக்கு விதைக்கிழங்கே ஏறக்குறைய 800 கிலோ வேண்டும்), தை வரை வீட்டுச் செலவு மூன்றையும் கூட்டுங்கள். அதற்கு 20 குவிண்டால் தேவைப்பட்டால், அதை இந்த வாரமே ஏலத்துக்குக் கொண்டுபோங்கள். நாளைக்கே விலை ஏறினாலும் அது தப்பான முடிவு இல்லை.

மீதி 20-ஐ ஐந்தைந்தாகப் பிரித்து, மாதம் ஒரு பங்கு விற்கும் தேதியைக் காலண்டரில் இப்போதே எழுதிவிடுங்கள். 15,000 தொட்டால் அந்த மாதம் இரண்டு பங்கு. முன்னமே எழுதாவிட்டால், ஏறும்போது இன்னும் ஏறட்டும் என்றும், இறங்கும்போது திரும்பட்டும் என்றும் சரக்கு அப்படியே கிடக்கும்.

வைக்கும் மஞ்சளில் ஒரு விரலியை ஒடித்துப் பாருங்கள். கணீரென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மறுபடி காய வையுங்கள். ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் பூசணம் வரும். மூட்டையை வெறும் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். மாதம் ஒருமுறை அடி மூட்டையைப் பிரித்து, துளையும் மாவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதி வைத்த தேதிக்குக் காத்திருக்காமல் அந்த மூட்டைகளை முதலில் விற்றுவிடுங்கள்.