சோம்பேறிப் பாத்தி

அன்புள்ள ஐயா,

மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். போன மாதம் அவளோடு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போய் வந்தோம். மூன்று சந்தேகங்கள். லூயிஸ், ஹாரிஸ் இரண்டும் தனித்தனித் தீவு என்கிறார்கள். நாங்களோ கடலையே தாண்டாமல் காரில் போய்விட்டோம். மேற்குத் தீவுகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 26,000 பேர்தான், அவர்களுக்குத் தனியாக ஓர் உள்ளாட்சிக் கவுன்சில் எதற்கு? ஹாரிஸின் கிழக்குக் கரையில் பாறைகளுக்கு நடுவே வரிவரியாக மண்மேடுகள் பார்த்தோம். ஆங்கிலத்தில் அதற்குச் 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயராம். மேற்கே அவ்வளவு நல்ல நிலம் சும்மா கிடக்க, பாறையில் போய்ப் பயிர் வைத்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான் என்று தோன்றியது.

ரா., கோவை

அன்புள்ள ரா.,

லூயிஸும் ஹாரிஸும் ஒரே நிலம்தான். நடுவே மலை இருப்பதால் இரண்டு பெயர். 1975 வரை லூயிஸ் ஒரு மாவட்டத்தில், ஹாரிஸும் அதற்குத் தெற்கே பாரா வரையுள்ள தீவுகளும் இன்னொரு மாவட்டத்தில். இரண்டுக்கும் தலைமையிடம் கடலுக்கு அந்தப் பக்கம். இப்படிப் பிரிந்து, தூரத்திலிருந்து ஆளப்பட்ட தீவுகளை ஒன்றாகச் சேர்க்கத்தான் தனிக் கவுன்சில். சரி, அதை விடுங்கள்.

மூன்றாவதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. நிலம் 'சும்மா கிடந்தது' என்று யார் சொன்னார்கள் உங்களுக்கு? அந்த மேற்குக் கரையில் சிப்பித்தூள் கலந்த மணல் காற்றில் வந்து படிந்து, நல்ல மேய்ச்சலும் விளைச்சலும் தருகிற நிலமானது. அங்கே ஊர்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நிலவுடைமையாளர்கள் அந்தக் குடும்பங்களை எழுப்பிவிட்டு ஆட்டுப் பண்ணை வைத்தார்கள். பலர் கப்பலேறினார்கள். மற்றவர்கள் கிழக்கே, பேஸ் என்கிற பாறைக் கரையில் போய் ஒண்டினார்கள். நீங்கள் காரை நிறுத்திப் பார்த்தது அவர்களுடைய வயலை.

நான் அங்கே போனது ஓர் அக்டோபரில். ஒரு பாத்தியில் மண்டியிட்டுக் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போனது, அப்புறம் பாறை இடித்தது. அந்த மணிக்கட்டளவு மண்ணும் மனிதர்கள் உண்டாக்கியது. கடற்கரையில் ஒதுங்கும் பாசியைக் கூடையில் கட்டி முதுகில் சுமந்து, பெரும்பாலும் பெண்கள்தான், சரிவில் ஏற்றிப் பரப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வெட்டிய மண்ணை அதன்மேல் புரட்டிப் போட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள். மாடு பூட்ட இடமில்லை. காலால் மிதித்து உழுகிற வளைந்த கட்டை ஒன்றுதான் ஏர். மேட்டுக்கு அடியில் இருக்கிற தரையைக் கொத்தாமல் விடுகிறார்களாம், அதனால் ஆங்கிலத்தில் 'சோம்பேறி' ஆனது. கொத்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது? பாறை! அவர்களுடைய கேலிக் மொழியில் இதற்கு 'ஃபியானக்' என்று பெயர். அதில் சோம்பல் கிடையாது. ஒரு வாரம் சுற்றியிருக்கிறீர்கள், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் பிணம் புதைக்கிற ஆழத்துக்கு மண் இல்லை. அதனால் செத்தவர்களைப் பெட்டியில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி, மலையைத் தாண்டி மேற்கே லஸ்கென்டைர் மணலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாழ விடாமல் துரத்திய கரைக்கே, புதைப்பதற்காகத் திரும்பி வர வேண்டியிருந்தது. பிணப்பெட்டிப் பாதை என்றுதான் இன்றைக்கும் அதற்குப் பெயர். சுமந்தவர்கள் இளைப்பாறிய இடங்களில் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். நான் வெறுங்கையோடு நடந்தேன். ஈரக் கரிமண்ணில் கால் முழங்கால்வரை இறங்கியது. ஒரு கற்குவியல் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை விடவில்லை. எழுந்து நடக்க ரொம்ப நேரமாகிவிட்டது.

தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் ராத்திரி இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் ஷூவை அடுப்போரம் எடுத்து வைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்தார். அப்புறம், தன் பாட்டியின் பாட்டியும் அந்த வழியாகத்தான் போனாள் என்றார்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். பயணக் கையேட்டில் இருந்ததை நம்பிவிட்டீர்கள். அடுத்த முறை மகளோடு போகும்போது கிழக்குக் கரையில் காரை விட்டுவிட்டு, லஸ்கென்டைருக்கு நடந்தே போங்கள். மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கற்குவியல் வந்தால் கொஞ்சம் உட்காருங்கள்.