பட்டர் முன்னா, பிரெட் முன்னா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மும்பையின் முலுண்டில் வசிக்கிறேன். மாலை வேளைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவன் தன் தந்தையைப் பற்றிய கட்டுரையில், ஆட்டோ ஓட்டுவதே எங்கள் குடும்பத்தின் 'பட்டர் அண்ட் பிரெட்' (அதாவது பிழைப்பு) என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து 'பிரெட் அண்ட் பட்டர்' என்று திருத்தினேன். "மாத்திச் சொன்னா என்ன தப்பு டீச்சர்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் 'தாய் தந்தை' என்று தாயை முன்னால் வைக்கிறோம், ஆங்கிலத்தில் 'ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்' என்று ஆணை முன்னால் வைக்கிறார்கள், சொல்வரிசையில் அவரவர் பண்பாடு இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அது சரிதானா?

அன்றே எங்கள் வாடகை ஒப்பந்தமும் புதுப்பித்து வந்தது. அதன் தலைப்பில் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று இருக்கிறது. 11 மாதம் முடிந்ததும் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்பதைத்தான் 'லீவ்' குறிக்கிறது என்று என் கணவர் சொல்கிறார். ஆங்கிலத்தில் ஏன் இப்படி எதையும் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் சொல்கிறார்கள்?

ஒரு வாசகி, முலுண்ட்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணவரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் செம்பூரில் முதன்முதலாக வாடகைக்குக் குடிவந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டு உரிமையாளர் நம்மை உள்ளே விடும்போதே வெளியே போகச் சொல்லும் தாள் அது என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லியும் வந்தேன். அந்த 'லீவ்' வேறு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அனுமதி என்று பொருள். அலுவலகத்தில் நாம் கேட்கும் லீவும் இதே சொல்தான். வராமல் இருக்க மேலாளரிடம் பெறும் அனுமதி நாளடைவில் விடுமுறைக்கே பெயராகிவிட்டது. 'லைசென்ஸ்' என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதற்கும் அனுமதி என்றே பொருள். பிறருடைய இடத்தில், அனுமதி இல்லாவிட்டால் சட்டத்துக்குப் புறம்பாகிவிடக்கூடிய ஒன்றைச் செய்துகொள்ளத் தரப்படும் உரிமையே லைசென்ஸ் என்று 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட்ஸ் (பிறர் நிலத்தின் மீதான அனுபவ உரிமை) சட்டம் வரையறுக்கிறது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தின் தலைப்பைத் தமிழாக்கினால் 'அனுமதியும் அனுமதியும்' என்றுதான் வரும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் ஆள்வோரும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேச, குடிமக்கள் ஆங்கிலம் பேசினார்கள் என்பதும், இரு தரப்புக்கும் புரியும்படி எழுத்தர்கள் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எழுதினார்கள் என்பதும் ஆகும். 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' (உயில்), 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' (உடைமைகள்) போன்றவற்றுக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் 'ஆண்டு அனுபவித்து' என்று வருவதை நினைத்துப் பாருங்கள். ஆளுதல் தமிழ், அனுபவித்தல் வடமொழி. எழுதியவர் இரண்டு மொழிக்கும் மரியாதை செய்துவிட்டார்.

ஆனால் இந்த விளக்கத்தை முழுவதுமாக நம்பிவிடக் கூடாது. செல்லாதது என்று பொருள்படும் 'நல் அண்ட் வாய்ட்' என்ற இணையில் இரண்டு சொற்களும் லத்தீன் வழி வந்தவை. திருமண உறுதிமொழியில் வரும் 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்' இரண்டும் நாட்டு ஆங்கிலம். உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து, குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோளைப் படியுங்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று இணைகள் இருக்கின்றன: 'ரிக்வெஸ்ட் அண்ட் ரெக்வயர்', 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்', 'அசிஸ்டன்ஸ் அண்ட் புரொடெக்‌ஷன்'. இவற்றில் நடுவில் நிற்பதுதான் என்னை நெடுநாள் குழப்பியது. 'லெட்' என்றால் விடு என்றல்லவா பள்ளியில் படித்தோம்? இவரை 'லெட்' இல்லாமல் போகவிடுங்கள் என்றால் என்ன பொருள்? இது இன்னொரு 'லெட்'. தடை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். பேச்சிலிருந்து மறைந்துபோய், இந்தத் தொடரிலும், டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையைத் தொட்டு விழும்போது நடுவர் கூவுவதிலும் மட்டும் தங்கியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் 'ஹிண்ட்ரன்ஸ்' அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதுவும் பழைய ஆங்கில வேரிலிருந்து வந்ததே. எனவே இரண்டு மொழிகளின் சந்திப்பு ஒரு காரணமே தவிர முழுக் காரணம் அன்று. ஒரு சொல்லில் ஓட்டை இருந்தால் இன்னொன்று அடைக்கட்டும் என்ற வழக்கறிஞரின் முன்னெச்சரிக்கையும், இரண்டாகச் சொன்னால்தான் சொன்னது போல இருக்கிறது என்ற காதின் பழக்கமும் அதில் கலந்திருக்கின்றன.

தனியே செத்துப்போன சொல் இணைக்குள் உயிரோடிருப்பது நமக்குப் புதிதல்ல. உற்றார் உறவினரைக் குறிக்கும் 'கித் அண்ட் கின்' என்பதில் 'கித்' என்றால் முதலில் அறிந்த நிலம், பிறகு அறிந்த மனிதர்கள். இன்று யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை. 'தோட்டம் துரவு' என்று நாம் சொல்லும்போது துரவு என்பது பெரிய கிணறு என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? தோட்டம் இருக்கும் வரை துரவும் இருக்கும், அவ்வளவுதான்.

இனி வரிசைக்கு வருகிறேன். இங்கே உங்கள் விளக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'தாய் தந்தை' என்பது தாய்க்குத் தந்த முதலிடம் என்றால், 'கணவன் மனைவி', 'மகன் மகள்', 'ஆண் பெண்' என்று சொல்லும்போது அந்தப் பண்பாடு எங்கே போகிறது? ஆங்கிலத்திலும் 'பிரைட் அண்ட் க்ரூம்' என்று மணப்பெண் முன்னால் வருகிறாள். ஔவையாரையே எடுத்துக்கொள்வோம். ஆத்திசூடியில் 'தந்தை தாய்ப் பேண்' என்று தந்தையை முன்வைத்தவர், கொன்றை வேந்தனில் 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' என்று அன்னையை முன்வைக்கிறார். மனம் மாறிவிட்டாரா? இல்லை. அகர வரிசையில் எழுதிய அவருக்கு முதல் நூலில் அந்த இடத்தில் 'த' தேவைப்பட்டது, இரண்டாவதில் 'அ' தேவைப்பட்டது.

உங்கள் பக்கமும் ஆதாரம் இல்லாமலில்லை. 1553இல் தாமஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர் தம் சொற்கலை நூலில், மரியாதை கருதி ஆணைப் பெண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். வடமொழிக்கு இலக்கணம் வகுத்த பாணினியோ இரண்டு சொற்கள் சேரும்போது எதில் உயிரொலி குறைவோ அது முன்னால் வரும் என்று விதி செய்தார். பின்னால் வந்தவர்கள் அதனோடு, மதிப்பு மிக்கது முன்னால் வரும் என்று ஒரு துணைவிதியைச் சேர்த்து, அதற்கு 'மாதாபிதரௌ' (தாயும் தந்தையும்) என்பதையே எடுத்துக்காட்டாகத் தந்தார்கள். ஆனால் தமிழில் 'தாய் தந்தை'க்கு அந்தத் துணைவிதி தேவையே இல்லை, முதல் விதியே போதும்: 'தாய்' ஓர் உயிரொலி, 'தந்தை' இரண்டு. எடை சமமாக இருக்கும் இடத்தில் 'அம்மா அப்பா' என்றும் 'அப்பா அம்மா' என்றும் நாம் தாராளமாக மாற்றிச் சொல்கிறோம் என்பதையும் கவனியுங்கள்.

ஓசை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. காரியத்தில் முன்பின் இருந்தால் சொல்லிலும் அது வரும்; 'ஹிட் அண்ட் ரன்' என்பதை யாராலும் திருப்ப முடியாது. இதுபற்றி 2006இல் விரிவாக ஆராய்ந்த பெனோர், லெவி ஆகிய இருவரும் பொருள்சார்ந்த காரணங்களுக்கு முதலிடமும் ஓசைக்கு அடுத்த இடமும் தருகிறார்கள். ஆயினும் காரியத்தில் முன்பின் இருந்தும் மொழி அதைப் பொருட்படுத்தாத இடங்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'ஷூஸ் அண்ட் சாக்ஸ்' என்கிறார்கள்; யார் முதலில் ஷூவைப் போட்டுக்கொண்டு அதன் மேல் சாக்ஸைப் போடுகிறார்கள்? மின்னல் தெரிந்த பிறகே இடி கேட்கிறது, ஆனால் நாமும் 'இடி மின்னல்' என்கிறோம், அவர்களும் 'தண்டர் அண்ட் லைட்னிங்' என்கிறார்கள். அவர்களுடைய 'பேக் அண்ட் ஃபோர்த்' நம்மிடம் 'முன்னும் பின்னும்' என்று தலைகீழாகிறது. இங்கெல்லாம் பண்பாட்டைத் தேடிப் புறப்படுவது வீண் அலைச்சல்.

மூன்று சொற்களில் ஓசையின் ஆட்சி இன்னும் தெளிவாகத் தெரியும். 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்', 'ஹுக், லைன் அண்ட் சிங்க்கர்', 'டாம், டிக் அண்ட் ஹாரி' ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ஒன்று, ஒன்று, இரண்டு என்ற ஒரே தாளம். நீளமானது கடைசிக்குப் போகும் இந்தப் போக்கை ஜெர்மானிய அறிஞர் பெஹாகல் 1909இல் ஒரு விதியாகவே வகுத்தார். ஆனால் அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாம் 'மா பலா வாழை' என்றும் 'இயல் இசை நாடகம்' என்றும் 'சேர சோழ பாண்டியர்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். பாண்டியர் கடைசியில் நிற்பது அவர்கள் சிறியவர்கள் என்பதால் அல்ல, அவர்கள் பெயர் பெரியது என்பதால். 'எழுத்து சொல் பொருள்' இதற்கு அடங்குவதில்லை. எழுத்து சேர்ந்து சொல்லாகி, சொல் சேர்ந்து பொருளாகிறது என்பதால் அங்கே ஓசை வழிவிட்டு நிற்கிறது. சர்ச்சில் 1940 மே 13 அன்று தம்மிடம் தருவதற்கு ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை என்ற நான்கைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார். மக்களோ உழைப்பைக் கழற்றிவிட்டு, 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' என்று மூன்றாக்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்தத் தொடர்களை உதிர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவமே சாட்சி. கோட்டைப் பகுதியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில், ஓர் ஆலை 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' இடம் மாறுகிறது என்ற ஆங்கிலச் செய்தியை, 'பூட்டு, சரக்கு, பீப்பாய் அனைத்துடனும் இடம்பெயர்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "தம்பி, பீப்பாயில் என்ன சரக்கு?" என்று கேட்டார். 'லாக்' என்பது பழைய துப்பாக்கியின் வெடிக்கும் பொறி, 'ஸ்டாக்' அதன் மரக்கட்டை, 'பேரல்' குழல், மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 'மூட்டை முடிச்சோடு' என்று எழுதியிருந்தால் போதும்.

உங்கள் மாணவனுக்கு வருவோம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்ற கேள்விக்கு அவன் 'பட்டர் அண்ட் பிரெட்' என்று எழுதியிருந்தால் நீங்கள் அடித்திருக்க வேண்டியதில்லை. காதுக்குச் சற்று இடறும், பிழையில்லை. ஆனால் அவன் எழுதியது பிழைப்பைப் பற்றி. அந்தப் பொருளில் அங்கே ரொட்டியும் இல்லை, வெண்ணெயும் இல்லை, மூன்று சொற்களும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. ஆட்டோ ஸ்டாண்டில் அவன் தந்தையின் வாயில் பிழைப்பைக் குறிக்கும் 'ரோஜி ரோட்டி' என்ற இந்தித் தொடரை அவன் கேட்டிருப்பான். அதுதான் இது என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வான். அடுத்து அவன், 'வடா பாவ்' என்று பாவைப் பின்னால் வைக்கும் இந்த ஊர் 'பாவ் பாஜி'யில் மட்டும் ஏன் முன்னால் வைக்கிறது என்று கேட்டால், எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.