பரண் பதில்கள்: புளியைக் கீழே வையுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் பிரித்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். "உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பணுமேன்னு புளி போட்டு நல்லாத் தேய்ச்சு வச்சேன் ஐயா" என்று ஓர் அம்மா எழுதியிருக்கிறார். படத்தில் பழைய வெண்கலச் சிலை ஒன்று நேற்று வாங்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. நூறு வருஷம் ஏறிய நிறத்தை அரைமணி நேரத்தில் இறக்கிவிட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் முப்பத்தெட்டு வருஷம் பழைய சாமான் கடையில் உட்கார்ந்தவன் கேட்டுக்கொள்கிறேன்: எழுதுவதற்கு முன்னால் எதையும் தேய்க்காதீர்கள். அழுக்கோடே படம் எடுங்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

மாமியார் வீட்டு வளவில் ஒரு லட்சுமி படம் தொங்குகிறது. புடவைக்கு நிஜச் சரிகையும் சம்கியும் வைத்து ஒட்டியிருக்கிறது. ரவிவர்மா வரைந்தது, லட்சக்கணக்கில் போகும் என்கிறான் நாத்தனார் மகன். படத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. துடைக்கலாமா? – வாசகி, தேவகோட்டை

ஆசாரி கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அந்த லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி, லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். நிறம் தூரிகை இழுத்த தடமாக இருந்தால் ஓவியம். பொடிப்பொடியாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாத புள்ளிகளாக இருந்தால் கல்லச்சு. ஓலியோகிராஃப் என்பது அதைத்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று மாற்றி மாற்றி அச்சடித்தது. புள்ளிகள் ஒரே அளவில் சீராக, பூப்பூவாக அடுக்கி நின்றால் அது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு. அதற்கு விலை சட்டத்துக்கு மட்டும்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் கல்லச்சு மாதிரிதான் தெரிகிறது. ரவிவர்மா பம்பாயில் 1894-ல் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் போனது. சில வருஷத்தில் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரரிடம் அதை விற்றுவிட்டார். ரவிவர்மா காலமானது 1906-ல். அதற்கப்புறமும் அந்த அச்சகத்திலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே கீழே பெயர் இருக்கிறது என்பதால் அவர் கை பட்டது என்று ஆகிவிடாது. அவர் தூரிகை பிடித்து வரைந்த அசல்கள் 1979-லேயே நாட்டின் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை; வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நாத்தனார் மகனிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் மனசு விட வேண்டாம். அந்தச் சரிகைதான் உங்கள் படத்தின் விசேஷம். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் மத்தியானம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்து, அச்சுப் படத்துக்குப் புடவை கட்டி, நகை பூட்டி, சம்கி தைத்தார்கள். ஒரே அச்சில் ஆயிரம் லட்சுமி வந்திருக்கலாம். உங்கள் பாட்டி மாமியார் உடுத்திவிட்ட லட்சுமி ஒன்றுதான். கடைக்கு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் தேடுவார்கள். நூல் விட்டிருக்கிறது என்று புதுச் சரிகை வாங்கி ஒட்டிவிடாதீர்கள்.

விலை என்ன என்று கேட்டால், மூன்றைப் பார்ப்பேன். ஓரம் வெட்டியிருக்கிறார்களா? சட்டத்துக்குள் அடக்க வேண்டும் என்று அச்சகத்தின் பெயர் உள்ள அடிப்பட்டையைக் கத்தரித்துத் தள்ளியவர்கள் ஏராளம். செல்லரித்திருக்கிறதா? பழைய தேக்குச் சட்டமும் கண்ணாடியும் கூடவே இருக்கின்றனவா? மூன்றும் நன்றாக இருந்தாலும் கல்லச்சு விலை பெரும்பாலும் ஆயிரங்களில்தான் ஓடும்.

பழுப்புப் புள்ளி ஈரத்தில் பூத்த பூஞ்சை. துடைத்தால் நிறத்தோடு வரும். உங்கள் படத்தில் காரணம் கண்ணுக்கே தெரிகிறது: பின்னால் அடித்திருக்கும் பலகை. அந்த மரம் விடும் அமிலமும், மழைக்காலத்தில் வெளிச்சுவர் விடும் ஈரமும் காகிதத்துக்குள் இறங்கியிருக்கின்றன. நிதானமான சட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, பலகையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்கட்டும். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். திரும்ப மாட்டும்போது உள்சுவரில் மாட்டுங்கள்.

என்னிடம் 1818-ம் வருஷத்து ராமர் பட்டாபிஷேகக் காசு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி போட்டது. போனில் ஒருவர் ஒரு கோடிக்குக் கேட்கிறார். ரிசர்வ் வங்கி அனுமதிக்கு முதலில் 15,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? – வாசகர், திருநெல்வேலி

கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் இன்றே சைபர் குற்றப் பிரிவின் 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

கம்பெனியார் அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. கோவில்களில் விற்ற ராமடங்கா என்ற வழிபாட்டு வில்லையைப் பார்த்து யாரோ கம்பெனி பெயரும் 1818 என்ற வருஷமும் சேர்த்து வார்த்துவிட்டார்கள். என் கடைக்கு வாரம் ஒருவராவது மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று கதை வேறு. அரிசியில் இரும்புத்தூளைத் தடவி வைத்தால் காந்தம்கூட இழுக்கும்.

ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை, யாரிடமும் அதற்குக் கமிஷன் கேட்பதுமில்லை. 2021-ல் அவர்களே அறிக்கை விட்டுச் சொல்லிவிட்டார்கள். பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள். ராமர் ராமர்தான்.

பாட்டியின் காசுமாலையில் பதினாறு வெள்ளி ரூபாய். 1862, 1907, 1911, 1918, 1944, ஒரு 1947-ம் இருக்கிறது. வெள்ளி விலைக்குப் போடலாமா, காசாக விற்கலாமா? – வாசகி, விழுப்புரம்

காது வைத்துப் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் பாதி விலைகூடத் தரமாட்டார். அதனால் மாலையை மாலையாகவே வையுங்கள் என்பது என் கட்சி. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

அந்த ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-லிருந்து யுத்தகாலத் தட்டுப்பாட்டில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள், அதனால் உங்கள் 1944 பாதி வெள்ளி. 1947-ல் வெள்ளியே கிடையாது, நிக்கல். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். மொத்தமாக எடை போட்டு வாங்குகிறவர் இந்த இரண்டையும் கவனிப்பார், நீங்களும் கவனியுங்கள்.

1862 என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அதற்கப்புறம் 1874 வரை அச்சடித்த ரூபாய்களிலும் அதே 1862-தான் போட்டார்கள். ஊரெல்லாம் கிடைக்கும்.

1911-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை. துதிக்கையும் காலும் குட்டையாக வந்து பன்றி மாதிரி தெரிந்தது. பார்த்தவர்கள் கொதித்தார்கள், சர்க்கார் வெளியே போகாத காசையெல்லாம் உருக்கியது, 1912-ல் யானையைத் திருத்திப் போட்டது. பன்றி ரூபாய் என்பது அதுதான். பதினாறில் அந்த ஒன்றுக்குத்தான் வெள்ளி விலைக்கு மேல் தனி மதிப்பு. அதற்கே கள்ளக்காசும் உண்டு, எடை பார்க்காமல் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

மாலையை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும். பருத்தித் துணி போதும்.

புகழ்பெற்ற நாய் படம் போட்ட, பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். நூறு வருஷத்துப் பெட்டி என்றார்கள். தட்டைத் துடைக்க ஸ்பிரிட் உபயோகிக்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

ஸ்பிரிட் பாட்டிலை மூடிவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கு இருபது வயசு. அப்பா கடையில் இல்லாத ஒரு மத்தியானம். கிட்டப்பா பாடிய தட்டு ஒன்று, கண்டனூர் வீடு ஒன்றிலிருந்து வந்தது, மேலே எண்ணெய்ப் பிசுக்கு. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு சுற்றுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது, அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது சுற்றில் தட்டு விரலில் ஒட்டியது. நான் துடைத்தது அழுக்கை அல்ல, கிட்டப்பாவை. பழைய 78 வேகத் தட்டுகளுக்கு உயிரே அரக்கு. கதவுக்குப் பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். இது எனக்குத் தெரியும். அந்த மத்தியானம் தோன்றவில்லை. அப்பா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தட்டைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டினார். கடையை மூடுகிறவரை அது அங்கேதான் தொங்கியது.

சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு. மெல்லிய துணி. வரி ஓடும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், நடுவிலுள்ள லேபிளில் ஈரம் படக் கூடாது. வெந்நீர் கூடாது, தட்டு வளைந்துவிடும். காய்ந்ததும் நிற்க வைத்து அடுக்குங்கள். படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும்.

இனி பெட்டி. வருத்தத்தோடு சொல்கிறேன், அது உங்களைவிட இளையது. எட்டுப் பட்டைப் பெட்டி, கண் கூசும் பித்தளை ஹாரன், முன்னால் பளபளக்கும் நாய் வில்லை: இந்த மூன்றும் சேர்ந்து வந்தாலே நான் பின்பக்கம் போய்விடுவேன். ஹாரனைத் தாங்கும் கையைப் பாருங்கள். அசலில் அது கனமான, வழவழப்பான வார்ப்பு. உங்கள் படத்தில் அரம் ராவிய தடம் அப்படியே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் மரம் புது வாசனை அடிக்கும், மோட்டார் மட்டும் பழசாக இருக்கும். 1931-ல் வந்த 102 என்ற கறுப்புக் கைப்பெட்டி மாடலைப் போன்றவற்றைப் பிரித்து, மோட்டாரை இப்படிப் புதுப்பெட்டிக்குள் சொருகுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கறுப்புப் பெட்டி அசலானது. அழகில்லை என்று யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாங்கினதை அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக் கேட்க ஆசையென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடுங்கள். பேரன் ஆசைப்பட்டான் என்று எல்.பி. தட்டை அதில் வைத்துவிடாதீர்கள், ஒரே சுற்றில் உழுதுவிடும்.

அஸ்திவாரம் தோண்டும்போது கையளவு அம்மன் சிலை கிடைத்தது. விஷயம் நாலு பேருக்குத்தான் தெரியும். பஞ்சலோகமா என்று எப்படிப் பார்ப்பது? – பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பார்க்க வேண்டாம். உரச வேண்டாம், கழுவவும் வேண்டாம். சிலையில் ஒட்டியிருக்கும் மண்ணும், அது கிடைத்த ஆழமும் தொல்லியல்காரர்களுக்குச் சிலையளவு முக்கியம். குழியைத் தொடாமல் விட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் கொடுங்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், மறைத்தால் தண்டனை உண்டு. நாலு பேருக்குத் தெரிந்தது நாளை நாற்பது பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் சிலைத் தரகன். என் கடையில் இப்படி வந்தவற்றை ஒரு தடவையும் கையில் வாங்கியதில்லை.

அம்மாவுக்கு 1962-ல் சீராக வந்த குத்துவிளக்கைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகலாமா? தினமும் ஏற்றும் விளக்கு, தேய்க்கக் கூடாதா? – வாசகி, சிங்கப்பூர்

நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளியே கொண்டுபோக 1972-ம் வருஷத்துச் சட்டம் விடாது. உங்கள் விளக்குக்கு அந்த வயசு ஆகவில்லை. ஆனாலும் விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரிக்கு உங்கள் அம்மா கல்யாணம் தெரியாதே. இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். கல்யாண ஆல்பத்தில் விளக்கு தெரிகிற படம் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள்.

தேய்ப்பதைப் பற்றி: தினமும் ஏற்றுகிற விளக்கு பழம்பொருள் அல்ல, வீட்டு மனுஷி. வெள்ளிக்கிழமைதோறும் தாராளமாகப் புளி போட்டுத் தேய்க்கலாம். புளிப்பு தங்காமல் நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். நான் சண்டை போடுவது காட்சிக்கு நிற்கும் சாமானைத் தேய்ப்பவர்களோடு மட்டும்தான்.

786 என்று முடியும் இருபது ரூபாய் நோட்டு? – வாசகர், வேலூர்

இருபது ரூபாய். ஆசைப்பட்டுக் கேட்கிறவர் கிடைத்தால் கொஞ்சம் கூட.

மருமகள் ஈயச்சொம்பை வெறுமே அடுப்பில் வைத்துவிட்டாள். அடிப்பாகம் உருகிப்போயிற்று. சரிசெய்ய முடியுமா? – வாசகி, கும்பகோணம்

பெயர்தான் ஈயம், அது வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும்; கேஸ் அடுப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உள்ளே ரசம் இருக்கிறவரைதான் சொம்புக்குப் பாதுகாப்பு. ஓட்டை அடைக்கிறேன் என்று யாராவது பற்றவைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், பற்றுவைப்பில் காரீயம் கலந்திருக்கும், சமையலுக்கு ஆகாது. உருகிய கட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சொம்பு அடிக்கிற கடைக்கே போங்கள், எடைக்கு எடுத்துக்கொண்டு மேற்கொண்டு கூலி வாங்கிப் புதுசு தருவார்கள். மருமகளைத் திட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் இதுவரை மூன்று சொம்பு போயிருக்கிறது, அதில் இரண்டு நான் வைத்தது.