பள்ளிக்கூடத்து சோலார்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பள்ளிக்கூட மாடிகளில் சோலார் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடமாக என் வேலை. பதில்களுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை: வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் கரண்ட் இருக்கும். பேனல் கரண்டை வீட்டு கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரை அணைத்தாலும் பேனல் அணையாது. இதை இன்னும் சில இடங்களில் சொல்வேன்.

தலைமை ஆசிரியை: எங்கள் பள்ளியில் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது. வெயில் நன்றாக அடிக்கும்போதும் வெளிக் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா?

பழுதில்லை டீச்சர். உங்களுடையது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுகிற இன்வெர்ட்டர். லைன் செத்துவிட்டால் அதுவும் உடனே நிற்க வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நிற்காவிட்டால் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் உயிர் போகும்.

கரண்ட் போன நேரத்திலும் வேண்டுமென்றால், லைனோடும் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பள்ளி முழுவதையும் அதில் மாட்டாதீர்கள். அலுவலகக் கம்ப்யூட்டர், சில வகுப்புகளின் விளக்கு, விசிறி, இவற்றுக்கு மட்டும் தனி வயரிங் இழுங்கள். 75 வாட் விசிறி 8 ஓடினால் 600 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட். பேட்டரி விலை கேட்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைத் தாளில் போடுங்கள்.

அறிவியல் ஆசிரியர்: பேட்டரியை ஆய்வகத்து மூலையில் வைத்திருக்கிறோம். சார்ஜ் ஏறும்போது ஒரு வாடை வருகிறது.

ஐயா, இன்றைக்கே இடத்தை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர் ஊற்றுகிற லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அதே அறையில் பர்னர் எரிகிறது, பிள்ளைகள் நிற்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு வாடை கிடையாது. அழுகிய முட்டை வாடை என்றால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம், சார்ஜிங் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலேயும் கீழேயும் காற்றோட்டம் உள்ள, பூட்டு போட்ட தனி அறைதான் சரி. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். பாதிக்கு மேல் தீர விடாதீர்கள், ஆயுள் குறையும்.

பெற்றோர் ஒருவர்: எந்தக் கம்பெனி பேனல் நல்லது?

கம்பெனி பெயர் சொல்வதில்லை. ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தரத்தின் 61215, 61730 இரண்டு சான்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலுவலக உதவியாளர்: கரண்ட் போனால் சோலாரும் போய்விடுகிறதே?

முதல் பதிலைப் படியுங்கள்.

பெற்றோர் சங்கத்துக்காரர்: 16 பேனல். பக்கத்து வீட்டு மரத்தின் நிழல் சாயங்காலம் மூன்றரை மணிக்கு மேல் 3 பேனலில் விழுகிறது. மரத்தை வெட்டச் சொல்லிக் கடிதம் கொடுக்கப் போகிறோம். நீங்களும் நிபுணர் என்ற முறையில் எழுதித் தர வேண்டும்.

தர மாட்டேன். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் நிழல் மூன்றரை மணிக்கு மேல் விழுகிறது. வெயில் சாய்ந்த பிறகு வருகிற உற்பத்தி ஒரு நாளின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அதில் 16க்கு 3 பேனல் முழுசாகப் போனாலும் இழப்பு 2 சதவீதத்துக்குள்தான். அதற்கா ஒரு மரம்?

அவரே: ஒரு பேனலில் நிழல் விழுந்தால் வரிசை முழுக்கப் படுத்துவிடும் என்று பொருத்தியவர் சொன்னாரே?

கரண்டுக்கு மாற்று வழி விடுகிற பைபாஸ் டையோடு இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். சாதாரணமாக ஒரு பேனலில் 3 டையோடு இருக்கும். பேனல் மூன்று பாகமாகப் பிரிந்திருக்கும். நிழல் பட்ட பாகத்தை மட்டும் கரண்ட் சுற்றிக்கொண்டு போகும். நிழல் கீழ் ஓரத்திலிருந்து ஏறுகிறதென்றால் பேனலைப் படுக்கை வசமாக வையுங்கள், ஒரு பாகம்தான் இழப்பு. நிமிர்த்தி வைத்தால் மூன்று பாகமும் ஒன்றாகப் போகும். மரத்தைத் தொடாமல் இந்த மாற்றத்தைச் செய்யலாம்.

பக்கத்து வீட்டுக்காரர்: அந்த மரம் என்னுடையது. அப்பா வைத்தது. வெட்ட மாட்டேன். கிளை கழிக்கச் சம்மதம்.

நன்றி ஐயா. இப்படி நீங்களே முன்வந்தது பெரிய விஷயம்.

பெற்றோர் சங்கத்துக்காரர்: இன்றைக்கு 3 பேனல். ஐந்து வருடத்தில் 8 ஆகும். பேனல் 25 வருடம் இருக்க வேண்டியது.

நியாயமான கேள்வி. நடுப்பகலில் நிழல் விழத் தொடங்கினால் என் பதிலும் மாறும். அப்போதும் பேனலை மாடியின் மறுபக்கம் மாற்றத்தான் முதலில் சொல்வேன். மாதம் ஒரு முறை காலை, மதியம், மாலை நிழலின் ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துத் தேதி போடுங்கள். ஒரு வருடக் கோடுகள் கையில் இருந்தால் எந்தக் கிளை, எத்தனை அடி என்று பேசி முடித்துவிடலாம்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை: அந்த நிழல் என் வகுப்புச் சுவரிலும் விழுகிறது. மதியத்தில் பிள்ளைகள் உட்கார முடிவதே அதனால்தான்.

இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை பாருங்கள்! அந்தச் சுவர் காய்ந்தால் விசிறி கூடுதலாக ஓடும், நீங்கள் காப்பாற்றிய 2 சதவீதம் அதிலேயே போய்விடும். கடிதத்தைக் கிழித்துவிட்டு அந்த வீட்டுக்காரரோடு மாடிக்குப் போய் நிழலைப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: கோடையில் வெயில் அதிகம், அப்போதுதானே அதிக கரண்ட் வர வேண்டும்? எங்கள் மீட்டரில் அப்படி இல்லையே?

நல்லா கவனித்திருக்கிறாய் அம்மா. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்கு எதிரி. 25 டிகிரியில் சோதித்துத்தான் பேனலில் வாட் எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மாடியில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 12 முதல் 16 சதவீதம் போய்விடும். தினமும் ஒரே நேரத்தில் மீட்டரை எழுதி வை, வானம் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுது. அந்த நோட்டு உள்ள பள்ளிக்கு நான் போனால் பழுது கண்டுபிடிப்பது பாதி முடிந்த மாதிரி. மாடிக்கு மட்டும் நீ ஏறாதே. பேனல் பகலில் அணையாது.

கடைக்காரர்: விடுமுறையில் பள்ளி கரண்ட் வீணாகிறது. ஒரு வயர் இழுத்து என் கடைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. நெட் மீட்டர் இருந்தால் வீணாகாது, லைனுக்குப் போய் பள்ளிக் கணக்கில் வரும்.

வேறொரு தலைமை ஆசிரியர்: கரண்ட் இல்லாதபோது எங்கள் சோலாரும்...

ஐயா, மூன்றாவது முறை இதே கேள்வி. முதல் பதில், முதல் பதில்.

காவலாளி: பேனலை எப்போது கழுவணும்?

விடியற்காலை, கண்ணாடி ஆறியிருக்கும்போது. வெறும் தண்ணீர், மெத்தென்ற துணி. சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் விரிசல் விடும். ஏறுவதற்கு முன்னால் கீழே ஒருவர் நிற்கட்டும்.

அவரே: கழுவும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு பேனல் பிளக்கைக் கழற்றி வைத்தால் பாதுகாப்புதானே?

அண்ணே, பிளக்கைத் தொடவே தொடாதீர்கள். பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடுகிற டி.சி. கரண்ட். வீட்டு கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் தீப்பொறி தானாக அறுந்துவிடும். டி.சி. தொடாது. லோடு ஓடும்போது பிளக்கை இழுத்தால் பொறி அறாமல் நீண்டு எரியும், கை வெந்துவிடும். பேனல் கரண்டைத் துண்டிக்கிற டி.சி. ஐசொலேட்டர் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பொருத்தியவரை வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேபிள் தோல் உரிந்திருந்தால் அன்றைக்குக் கழுவ வேண்டாம், தகவல் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.