ஆளில்லாத ஊருக்கு ஒரு மேயர்

கேள்வி: மேல்மலையில் மன்னவனூரைத் தாண்டி ஒரு சின்னக் குடியிருப்பு எங்களுடையது. நான் கல்யாணமாகி வந்தபோது 40 வீட்டில் அடுப்பு எரிந்தது, இப்போது 11 வீட்டில்தான் ஆள் இருக்கிறது. மற்றவர்கள் பிள்ளைகள் படிப்பு, வேலை என்று கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் போய்விட்டார்கள். எல்லோரும் இறங்கிவிட்டால் ஊர்ப் பெயரே இல்லாமல் போய்விடுமா? பிரான்சில் ஒரு ஆள்கூட இல்லாத ஊருக்கு மேயர் இருக்கிறார் என்று பேரன் சொல்கிறான், நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம் அம்மா. அப்படி ஒன்றல்ல, ஆறு ஊர்கள் இருக்கின்றன. எல்லாமே வெர்தன் நகரத்தைச் சுற்றி.

பிரான்சில் ஊராட்சியை கொம்யூன் என்பார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கொம்யூன் பஞ்சாயத்து என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான். 1789-ல் புரட்சி நடந்த கையோடு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கொம்யூன் என்று அமைத்தார்கள், இன்றைக்கும் சுமார் 35,000 இருக்கின்றன. நம் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தாலே 12,500 சொச்சம் கிராம ஊராட்சிதான், ஜனத்தொகையோ இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியென்றால் அங்கே ஒவ்வொரு கொம்யூனும் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். பாதிக்கு மேல் 500 பேருக்கும் குறைவான ஊர்கள்.

உங்கள் பேரன் சொன்ன ஊர்களில் எனக்கு மனதில் நிற்பது ஃப்ளொரி. 1911 கணக்கெடுப்பில் 422 பேர். விவசாயம், காட்டுவேலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், அவ்வளவுதான் ஊர். முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரி 21-ல் ஜெர்மன் படை வெர்தனைத் தாக்க ஆரம்பித்தது, ஊர்க்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள், திரும்பி வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தக் கோடையில் மட்டும் ஊர் 16 தடவை கை மாறியது. பீரங்கிக் குண்டு விழுந்து விழுந்து, கடைசியில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை.

போர் முடிந்தும் அவர்களைத் திரும்ப விடவில்லை. மண்ணுக்குள் வெடிக்காத குண்டும், நச்சு வாயுக் குண்டும், எடுக்கப்படாத உடல்களும். உழ முடியாத மண் என்று அரசாங்கம் அதைச் சிவப்பு வட்டாரம் என அறிவித்து, பெரும்பகுதியில் பைன் மரம் நட்டுவிட்டது. நம் கொடைக்கானல் பைன் காட்டுக்குள் நடந்திருப்பீர்களே, காலடியில் ஊசியிலை மெத்தை, அந்த மாதிரிக் காடாகத்தான் அன்றைக்கு நட்டார்கள். ஆனால் அங்கே தரை சமமாக இருக்காது, குழி குழியாக இருக்கும், அத்தனையும் குண்டு விழுந்த பள்ளம், நூறு வருஷமாகியும் தூரவில்லை.

சரி, ஆள் இல்லை, வீடு இல்லை, பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாமே என்று யாரும் நினைப்பார்கள். சேர்க்கவில்லை. இந்த ஊர்கள் பிரான்சுக்காக உயிர் விட்டவை என்று சொல்லி, 1919-லேயே ஒரு சட்டம் போட்டு, பெயரும் எல்லையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். ஓட்டுப்போட ஆளில்லாததால் மாவட்ட ஆட்சியர் மாதிரியான அதிகாரி மூன்று பேரை நியமிப்பார், அவர்களில் ஒருவர்தான் மேயர். கணக்கெடுப்பில் ஊர்ப் பெயருக்கு நேரே பூஜ்யம் என்று அச்சாகிறது, ஆனாலும் பெயர் அச்சாகிறது. ஃப்ளொரியில் இப்போது போனால் மரத்துக்கு நடுவே நடைபாதை இருக்கும், ஓரத்தில் சின்னச் சின்ன அடையாளக் கம்பங்கள்: இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளி, இங்கே பண்ணைவீடு. தேவாலயம் இருந்த இடத்தில் புதிதாக ஒரு சிற்றாலயம். வருஷா வருஷம் அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் வந்து கூடுகிறார்கள்.

இனி உங்கள் ஊர் விஷயம். நம் கணக்கெடுப்பிலும் ஆளில்லாத கிராமத்தின் பெயரை அடித்துவிடுவதில்லை, 2011-ல் இந்தியா முழுக்க அப்படி 43,000-க்கு மேல் இருந்தன. ஆனால் அதெல்லாம் வருவாய் கிராமங்களுக்குத்தான். உங்களுடையது ஒரு வருவாய் கிராமத்துக்குள் அடங்கிய குடியிருப்பு என்றால், தலைக்கணக்கு பெரிய ஊரின் பெயரில்தான் போகும், உங்கள் ஊர்ப் பெயர் தனியாக வராது. அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. நானும் மேல்மலைக்காரன்தான், என் அம்மா பிறந்த குடியிருப்பின் பெயரை இன்று உச்சரிக்க நாலு பேர்தான் மிச்சம்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பேரனை ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். மேட்டு வீட்டிலிருந்து ஆரம்பித்து 40 வீட்டையும் வரிசையாகச் சொல்லுங்கள், எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தப் பூண்டுக்காடு யாருடையது, ஊர்ப் பொது உரல் எந்த வாசலில் கிடந்தது, எந்த வருஷம் எந்தக் குடும்பம் இறங்கியது என்று. பூட்டிக் கிடக்கிற 29 வீட்டையும் முதலில் எழுதச் சொல்லுங்கள், அவற்றைச் சொல்லத்தான் பிறகு ஆள் கிடைக்காது.